படுத்திருந்த கம்பி

நிமிர்த்தியது நான்தான். யாரும் சொல்லாமலேயே நிமிர்த்தினேன். அதற்குப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன். கேட்கிறவர்கள் பழியை வேறு யார் தலையிலும் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் உவைஸ். கடையநல்லூரில் மெயின்ரோட்டை ஒட்டி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சவூதியில் தம்மாமில் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நான் போட்ட ஒட்டு ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு இன்னும் உண்டு. என் மனைவி மிஸ்ரியா அதைப் பற்றி என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத முடியாது.

போன ஜூன் மாதம் செல்வின் துரை அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார். ஜீவரத்தினபுரம் கிறிஸ்தவக் கோவில் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் அந்த ஊர். வேப்பங்கொப்பு ஒடிந்து விழுந்து, கல்லறைத் தோட்டத்து நிழல் கடிகாரத்தின் கம்பி ஆடுகிறது, அசனத்துக்கு முன்னால் சரிசெய்து தர வேண்டும் என்றார். அசனம் என்றால் ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. எங்களுக்கும் பந்தியில் இடம் உண்டு என்றார். உடனே ஒப்புக்கொண்டேன்.

கோவிலுக்குக் கிழக்கே கல்லறைத் தோட்டம். நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கருங்கல் தூண். தூணின் தலையில் இரண்டடி அகலத்தில் ஒரு பித்தளைத் தட்டு. 1908-ல் வாந்திபேதி வந்து நாற்பத்தொரு பேர் ஒரே மாதத்தில் செத்துப்போனார்களாம். மணி அடிக்கக்கூட ஆள் இல்லாமல் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் ஞாபகமாக அந்தக் கடிகாரத்தை நட்டு, தினமும் நிழல் பன்னிரண்டில் நிற்கும்போது கோவில் மணியை நாற்பத்தொரு முறை அடிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்களாம். கைக்கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல, நிழலின் பன்னிரண்டு. இதையெல்லாம் செல்வின் அண்ணாச்சி சொன்னார். நான் பாதிதான் கேட்டேன். என் கண் கம்பியில் இருந்தது.

ஒரு சாண் நீளம், பென்சில் கனம், பித்தளைக் கம்பி. ஒரு முனை தட்டின் நடுவில் ஒட்டியிருந்தது. மறுமுனை வடக்கே பார்த்து, தட்டை விட்டு மூன்று விரல் உயரம்கூட எழும்பாமல் படுத்துக் கிடந்தது. ஒட்டில் கீறல். கொப்பு விழுந்த வேகத்தில் வளைந்து படுத்துவிட்டது என்று பார்த்ததுமே முடிவு கட்டினேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால், நிழல் பார்த்து நேரம் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருப் பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டிருந்தார்கள். அதன் நிழல் நீளத்தை அளந்துதான் சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் பார்ப்பார்கள். அந்தக் கம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். நிழல் கம்பு என்றால் நிற்க வேண்டும். படுத்துக் கிடப்பதற்கு அதென்ன கட்டிலா?

வேலை தொடங்கும்முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் முன்னாடி, பின்னாடி என்று போடுவது என் வழக்கம். அப்புறம் பழைய ஒட்டை வெட்டினேன். அடியில் மிஞ்சிய துண்டு சாய்வாக இருந்தது. கிரைண்டர் வைத்து வழுவழுப்பாகத் தேய்த்தேன். தூக்குக்குண்டு பிடித்து, இம்மி பிசகாமல் கம்பியை நேராக நிறுத்தி ஒட்டினேன். தட்டையும் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கோடுகளும் எண்களும் தெளிந்து வந்தன. ஓரத்தில் 'சாய்வு கூ பாகை' என்று பொறித்திருந்தது. கர்த்தர் மேல் சாய்வதைப் பற்றி ஏதோ பழைய வேதத் தமிழ் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் குற்றாலத்தில் நல்ல சாரல். இங்கேயும் மேகம் விலகவே இல்லை. நிழலே இல்லாத ஊரில் நிழல் கடிகாரத்தை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? அசனத்தன்று பந்தலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தியது கிருபாவதி. ஆலங்குளம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட், நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அப்பா பாக்கியமுத்துதான் நாற்பது வருஷம் அந்த மணியை அடித்தவர். நான்கு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். கிருபாவதி பொன்னாடையைப் போர்த்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாக, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஜூலையில் கோவில் கேட்டின் கீல் விட்டுப்போயிற்று என்று மறுபடி கூப்பிட்டார்கள். நான் போனபோது மணிக்கயிற்றுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெயிண்டர் ஏணி போட்டு நின்றான். அங்கே ஒரு நீலத் தகரப் போர்டு உண்டு. மாதத்துக்கு நான்கு வாரம் வீதம் நாற்பத்தெட்டு எண்கள் அதில் வெள்ளையில் எழுதியிருக்கும். நவம்பர் முதல் வாரம், கூட்டு 4. பிப்ரவரி இரண்டாம் வாரம், கூட்டு 35. அதாவது நிழலின் பன்னிரண்டுக்கும் ரேடியோ சொல்கிற பன்னிரண்டுக்கும் எத்தனை நிமிஷ வித்தியாசம் என்ற கணக்கு. மணி ஏன் நவம்பரில் பன்னிரண்டு நாலுக்கும் பிப்ரவரியில் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கும் அடிக்கிறது என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்ததால், பாக்கியமுத்து வருஷக்கணக்கில் ரேடியோவை வைத்து ஒத்துப் பார்த்து எழுதிய போர்டு. அவர் போன பிறகு அதைப் பார்த்துத்தான் மணி அடித்துவந்தார்கள், நிழலை யாரும் பார்க்கவில்லை. பெயிண்டர் அதன் மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, போர்ட அழிக்கீங்க?" என்று, கமிட்டி ஆட்களோடு கீழே நின்ற செல்வின் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"நேத்து நல்ல வெயிலு பாய். நாங்க நாலு பேரு பன்னெண்டுலேருந்து ஒரு மணி வரைக்கும் நின்னு பாத்தோம். நிழலு பன்னெண்டு பக்கமே வரல. தெக்க பாத்துக் குட்டையா விழுந்து கெடக்கு. அங்கன நம்பரே கெடையாது" என்றார் செல்வின் அண்ணாச்சி. "வெள்ளக்காரன் அவன் ஊருக்குச் செஞ்சத இங்கன கொண்டாந்து நட்டுட்டுப் போயிட்டான். இது என்னைக்குமே ஓடினதில்ல. அப்போ பாக்கியமுத்து நாப்பது வருஷமா எந்த நிழலப் பாத்து மணி அடிச்சாரு? தூங்கி எந்திரிச்ச நேரத்துக்கு அடிச்சிட்டு, சூரியன் மேல பழியப் போட்டிருக்காரு மனுசன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

"மக ஒண்ணும் சொல்லலியா?"

"தீர்மானத்துல மொதக் கையெழுத்தே கிருபாவதிதான். இனி டைமர் வெச்ச ஸ்பீக்கர் மணி, டாண்ணு பன்னெண்டுக்கு."

கீலை ஒட்டிவிட்டுத் தோட்டம் வழியாக வந்தேன். பாக்கியமுத்துவின் கல்லறை தூணுக்கு நான்கடி தள்ளித்தான் இருந்தது. 'நேரத்தில் உண்மையுள்ளவர்' என்று கல்லில் வெட்டியிருந்தார்கள். அதன் கீழே யாரோ கரித்துண்டால் 'லேட்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவனிடம் கேட்டால் பதில் வரவா போகிறது என்ற தைரியத்தில் எழுதியது அது. எரிச்சலாக இருந்தது. கைத்துணியால் துடைத்தேன். முழுசாகப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தும் மனசு அதிலேயே சுற்றியது. போனைத் திறந்து பழைய படத்தைப் பார்த்தேன். தூணின் கல்லில் 1908 என்று இங்கிலீஷ் எண்ணில் இருந்தது. தட்டின் மேல்விளிம்பில் '௧௯௦௮' என்று நான்கு கிறுக்கல். இதுநாள் வரை பூவேலை என்றே நினைத்திருந்தேன். நான்கு கிறுக்கல், நான்கு எண். இரண்டும் ஒரே வருஷமாக இருந்தால்? மிஸ்ரியா எட்டிப் பார்த்து, "எங்க வாப்பா வீட்டுப் பழைய பத்திரத்துல நம்பரெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்படியானால் இரண்டாவது கிறுக்கல் ஒன்பது. அதே கிறுக்கல்தான் ஓரத்திலும் இருந்தது. நான் 'கூ' என்று படித்தது ஒன்பது. சாய்வு ஒன்பது பாகை.

பாகை என்றால் டிகிரி என்று எட்டாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்தவன் நான். படத்தில் கோணமானியை வைத்துப் பார்த்தேன். கம்பி படுத்திருந்த சாய்வு சரியாக ஒன்பது டிகிரி. கொப்பு விழுந்து வளையவில்லை. செய்தவன் அப்படித்தான் செய்திருக்கிறான். வெள்ளைக்காரன் ஊருக்கு அல்ல, இந்த ஊருக்கு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருப்பதால் கம்பியும் அந்த அளவுதான் எழும்ப வேண்டும் என்பது அப்புறம் போனில் தேடிப் படித்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தை வைத்து நான் ஒரு நல்ல கடிகாரத்தைக் கெடுத்திருக்கிறேன். என் தப்பை ஒரு செத்த மனுஷன் சுமந்துகொண்டிருக்கிறார். அந்தப் படத்தை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். விரல் அந்த இடம் வரை போனது.

மறுநாள் செல்வின் அண்ணாச்சியிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தார்.

"நீரு சொல்லுததுலயும் ஒரு இது இருக்கு" என்றார் கடைசியில். "சரி, சனிக்கிழம கம்பியப் பழையபடி வெச்சிப் பாரும். நிழலு போர்டுல இருந்தபடி நின்னுச்சுன்னா, ஞாயித்துக்கிழம ஆராதனையில நானே எந்திரிச்சுச் சொல்லுதேன். எனக்கு அன்னைக்குச் சுந்தரபாண்டியபுரம் போணும். நம்ம சூரியகாந்தி வயல்ல ஷூட்டிங். நீரு கிருபாவதியச் சாட்சிக்கு வெச்சுக்கிடும்."

ஜூலை கடைசிச் சனிக்கிழமை. கிருபாவதி குடையோடு வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிவாசல் கம்பு, கிரைண்டர், 'கூ' என ஒன்றும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டேன். அவர் திட்டவில்லை. "ம்" என்றார். எனக்கு அதுவே கஷ்டமாக இருந்தது. என் ஒட்டை நானே வெட்டி எடுத்தேன். ஒன்பது டிகிரிக்கு ஒரு மர ஆப்பு செதுக்கி வைத்திருந்தேன். அதன் மேல் கம்பியைப் படுக்க வைத்துக் கட்டுக்கம்பியால் தற்காலிகமாக இறுக்கினேன். நிழல் சரியாக நின்ற பிறகுதான் ஒட்டுவது என்று முடிவு.

பன்னிரண்டு பத்துக்கு மேகம் மூடியது. மலைப்பக்கமிருந்து தூறல் அடித்தது. நான் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. ஐந்து வேளை தொழுகிறவன், கிறிஸ்தவக் கல்லறையில் நின்று வெயிலுக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு இருபதுக்கு மேகம் விலகியது. கம்பியின் நிழல் தட்டில் விழுந்தது. இந்த முறை வடக்கே, கோடுகளுக்கு நடுவில். பன்னிரண்டாம் கோட்டுக்கு மேற்கே நூல் அளவு தள்ளி நின்றது.

"எப்பம் வந்து நிக்கும்?" என்று கேட்டேன். போர்டில் பார்க்க வழியில்லை, வெள்ளையடித்தாகிவிட்டது.

"இருவத்தேழுக்கு" என்றார் கிருபாவதி.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு ஆனபோது, நிழல் கோட்டின் மேல் ஏறி அதை இரண்டு பக்கமும் சமமாக மூடி நின்றது. நான் "அல்லாஹு அக்பர்" என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"தங்கச்சி, அந்த நாப்பத்தெட்டு நம்பரும் எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா? நானே புதுப் போர்டு அடிச்சித் தாரேன்."

"எழுதிக்கிடுங்க" என்றார். கண்ணைத் தூணிலிருந்து எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தார். ஜனவரி முதல் வாரம், இருபத்தைந்து. இரண்டாம் வாரம், இருபத்தெட்டு. நான் எழுத எழுத டிசம்பர் வரை எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தார். சின்ன வயதில் ரேடியோ பக்கத்தில் நின்று நேரத்தைக் கத்திச் சொல்வது அவர் வேலையாம். அப்பா இங்கே நின்று நிழலைப் பார்த்துக் குறித்துக்கொள்வாராம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவனுக்குக் கோபம் வரக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன். "இம்புட்டும் தெரிஞ்சிருக்கு. கம்பி படுத்துத்தான் கெடக்கும்னும் தெரிஞ்சிருக்கும். அப்புறம் ஏன் தங்கச்சி கையெழுத்துப் போட்டீங்க?"

"பொன்னாட போத்துதப்பவே தெரியும் பாய்" என்றார். "பின்னால கம்பி நிமிந்து நிக்கதப் பாத்துக்கிட்டேதான் போத்துனேன்."

பக்கத்துக் கல்லறை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்குச் சொல்வது போலவே இல்லை, யாரோ கேட்ட விவரத்தைக் கொடுப்பது போலச் சொன்னார். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி. பெண் பார்க்க நாசரேத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் நான்கைந்து இடம் தட்டிப்போயிருந்தது. "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கடியாரத்தப் பாத்து அடிங்கப்பான்னு கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன். ஒரே ஒரு நாள். அவரு கேக்கல. அவங்க காப்பி குடிச்சிட்டிருக்கும்போது பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு மணி அடிக்கு. மாப்பிள்ளையோட மாமா வாட்சப் பாத்துட்டுச் சிரிச்சாரு. 'இந்த ஊர்ல நேரமே இப்படித்தான்னா, பொண்ணு வயசயும் இப்படித்தான் கொறச்சுச் சொல்லுதீங்களா'ன்னு கேட்டாரு. அதோட போனவங்கதான்."

"ஏன் அப்படிச் செஞ்சாருன்னு அப்பாட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. பேச்சையே நிறுத்திட்டேன். சோறு போடுவேன், மாத்திர எடுத்துக் குடுப்பேன், பேச மாட்டேன். பதினோரு வருஷம். அவரு போற அன்னைக்கும் பேசல." குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "கம்பி நிமிந்து நின்னப்ப, கமிட்டில எல்லாரும் அவரப் பொய்யருன்னு சொன்னப்ப, எனக்கு ஆறுதலா இருந்துச்சு பாய். அவரு சோம்பேறின்னா, பொய்யருன்னா, நான் பேசாம இருந்தது சரிதானே. அவரு செஞ்சது சரின்னா, நான் செஞ்சது என்னது?"

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள்.

"இன்னும் ஒட்டலதான?" என்றார் கிருபாவதி. "மறுபடியும் நிமித்தியே வெச்சிருங்களேன். செல்வின் அண்ணாச்சிட்ட நிழலு நிக்கலன்னு சொல்லிருவோம். நானும் சொல்லுதேன்."

அவர் கெஞ்சவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை. நான் யோசித்தேன். உயிரோடு இருக்கிற இந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதல். மண்ணுக்குள் இருக்கிறவருக்குப் பேர் எதற்கு? மர ஆப்பை உருவினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. உண்மையாகவே யோசித்தேன். அவர் கேட்டதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

"என்னால முடியாது தங்கச்சி" என்றேன்.

"தெரியும்" என்றார். எழுந்துகொண்டே, "சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார்.

கேஸ் செட்டைத் தூணுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக் கண்ணாடியை மாட்டினேன். "தீ வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பாக்கியமுத்துவின் கல் இருந்தது.

பற்றவைத்துக் கம்பியின் அடியில் தீயைக் காட்டினேன். பித்தளை சிவந்தது. ஒட்டு உருகி ஓடி உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கிருபாவதியின் முதுகுதான் தெரிந்தது. குனிந்து, கையை ஆட்டி, விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கோபமாகக் கையை ஓங்கியதும் தெரிந்தது. கேஸ் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. என் வேலை முடிந்துவிட்டது. தீயை அணைத்தால் சத்தம் நின்றுவிடும், அவரும் நிறுத்திவிடுவார். அதனால் கம்பியில் படாமல் தீயைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.